ஏலக்காயும் சம்புடமும்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏலக்காய் நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகச் சரக்காகவே இருந்தது. இன்றைய இடுக்கி ஜில்லாவின் ஏலமலைகளில் தோட்டம் போட்ட குடிகள், அவர்களுள் போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழரும் உண்டு, தாம் விளைவித்த காயை இஷ்டம்போல் விற்க உரிமையின்றிச் சர்க்காரிடமே ஒப்புவித்து, தமக்கு விதித்த பங்கைப் பெற்றுக்கொண்டார்கள். 1896-ல் இம்முறை நீங்கி நிலவரி ஏற்பட்டது. ஆயினும், அந்நாளில் ஏலம் குவிந்த ஆலப்புழைத் துறைமுகத்தின் நினைவாக, ‘ஆலப்பி கிரீன்’ என்னும் தரப்பெயர் இன்றைய ஏலக்கூடங்களிலும் வழங்குகிறது. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது மலை கேரளத்தோடு நின்றது. வியாபாரத்தின் பெரும்பகுதியோ போடிமெட்டு இறங்கித் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

பறித்த பச்சைக்காயை ‘ஸ்டோர்’ என்னும் உலர்த்தும் கட்டடத்தில், நிறம் மங்காதபடி மிதமான சூட்டில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்தெடுத்தால், நாலைந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். இத்தனை சேதாரமும் சிரமமும் கடந்து வரும் பதார்த்தத்தைக் குடும்பங்கள் அலட்சியமாக வைத்திருக்கவில்லை. அக்காலத்தில் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த பாலக்காட்டின் அக்கிரகாரங்களில், கடுகு, மிளகு, சீரகம் முதலிய நித்தியச் சாமான்கள் மரத்தில் குடைந்த அஞ்சறைப் பெட்டியில் அடுப்பருகே இருக்க, ஏலக்காயும் ஜாதிக்காயும் பச்சைக் கற்பூரமும் இறுக மூடும் பித்தளைச் சம்புடங்களில் தனியே வசிக்கும். வெண்கல உருளியில் பிரதமன் பக்குவமாகி இறக்கும் தறுவாயில், நாலைந்து காயைத் தோலுரித்து, வழுக்காமல் பொடிபட விதையோடு சிட்டிகை சர்க்கரை சேர்த்து, சிறு கல்வத்தில் இடித்துத் தூவுவார்கள்.

அந்தப் பெட்டிகளும் சம்புடங்களும் இன்று கொச்சி மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. கைபட்டுத் தேய்ந்த மூடி முளை, அறையின் மூலையில் ஊறிய மஞ்சள் கறை, பித்தளையில் வெட்டிய பெயரெழுத்து ஆகியவையே அப்பொருளின் சரித்திரம். வாங்குவோரின் கண்ணைக் கவரும்பொருட்டு ஏற்றும் மெருகோ முதலில் அவற்றைத்தான் அழிக்கிறது. சர்க்கார் கணக்குகள் ஏலக்காயின் எடையையும் வரியையும் பதிந்து வைத்தன. அதை ஆண்ட அடுக்களைக்கோ இப்பாத்திரங்களைத் தவிர வேறு சாசனம் அநேகமாக இல்லை. ஆகையால் பழைய பெட்டியை வாங்குவோரும் விற்போரும், அது எந்த ஊரில் எந்த வீட்டில் புழங்கியது என்பதைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்கட்டும். கறையைச் சுரண்டாமலும் இருக்கட்டும்.