தளவாய் ஆகாத தளபதி

தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டையின் உள்ளே, கூரையிழந்து நிற்கிறது ஒரு சிறு தேவாலயம். அதனுள் ஒரு கல்லறை. கல்லிலே இலத்தீன் எழுத்தும் உண்டு. நம் தமிழ் எழுத்தும் உண்டு. மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது ஒருவன் கேட்டான்: “ஐயா, மன்னன் கோட்டைக்குள் மாற்றானுக்குக் கல்லறை ஏன்?”

நல்ல கேள்வி. விடை குளச்சலில் இருக்கிறது.

1741 ஆகஸ்டு 10. மிளகு வாணிகத்தைத் தன் பிடியில் வைத்திருக்க விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, குளச்சல் கரையிலே திருவிதாங்கூர்ப் படையிடம் தோற்றது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். 1715இல் அர்ராஸ் நகரில் பிறந்தவர். அன்று வயது இருபத்தைந்து.

பகைவன்தானே, சிறையிலே கிடக்கட்டும் என்று மன்னன் மார்த்தாண்ட வர்மன் விட்டுவிடவில்லை. இவனுக்கு என்ன தெரியும் என்று பார்த்தான். தெரிந்தது பெரிது என்று கண்டதும், தன் வீரர்களை அவரிடமே ஒப்படைத்தான்.

வாளும் வேலும் ஏந்திச் சிதறிக் கிடந்த வீரர்கள், அணிவகுத்து நடக்கவும் ஆணைக்கு ஒருசேரச் சுடவும் கற்றனர். உதயகிரிக் கோட்டை வலுப்பெற்றது. அதனுள்ளே பீரங்கி வார்க்கும் உலை எரிந்தது. குமரிக்கு அருகே கடலோரத்தில் வட்டக்கோட்டை கருங்கல்லால் எழுந்தது. காயங்குளம், தெக்கும்கூர், வடக்கும்கூர் என அரசுகள் ஒவ்வொன்றாய்ப் பணிந்தன. கைதி படைத்தலைவரானார், ‘வலிய கப்பித்தான்’ என்று நாடு அவரை அழைத்தது.

அடுத்து வந்த தர்மராஜாவின் ஆட்சியிலும் அவரே காவல். கொடுங்கல்லூர்க் கடலோரத்திலிருந்து ஆனைமலை அடிவாரம் நோக்கி நீண்ட நெடுங்கோட்டையை வகுத்தவர் அவர். மண்மதில், அகழி, முள்வேலி, இடையிடையே காவற்கோட்டைகள்! 1789 டிசம்பரில் திப்புவின் முதல் தாக்குதலை அந்த மதில் தடுத்தது. மறு ஆண்டு உடைந்தது என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1777 ஜூன் 1 அன்று, டிலனாய் மண்ணுக்குள் போய்விட்டார்.

படைப் பயிற்சி, படைக்கலம், கோட்டை, எல்லைக் காவல் அனைத்தும் ஒருவர் பொறுப்பு. இன்றைய சொல்லில் அவர் பாதுகாப்பு அமைச்சர். ஆனால் அமைச்சர் என்ற பெயர் அவருக்கு இல்லை. தளவாய் என்ற சொல்லுக்குப் படைத்தலைவன் என்பதே பொருள். திருவிதாங்கூரிலோ அது முதலமைச்சரின் பட்டம். படையை நடத்தியவருக்கு அப்பட்டம் எட்டவில்லை. அதுமட்டுமா? பிற மதத்தவர் என்பதால் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் அவருக்கு இடமில்லை, அதனாலேயே உதயகிரியில் வாழ்ந்தார் என்பர் வரலாறு எழுதியோர். அரண்மனையைக் காக்க அவர் வேண்டும். அதன் வாயிலைக் கடக்க அவர் கூடாது! இதுவா அறம்?

அவருடைய நண்பர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரசுப் பணியாளர். டிலனாயோடு பழகி, 1745இல் வடக்கன்குளத்தில் மதம் மாறித் தேவசகாயம் ஆனார். உயர்வு தாழ்வு பாராமல் எல்லோருடனும் கலந்து பழகினார். 1749இல் சிறை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில், அரசின் வீரர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்டுக்கே பீரங்கி வார்த்துத் தந்தவரால் நண்பனின் உயிரைக் காக்க முடியவில்லை. வெளிப்பகையை விலக்க மதில் கட்டத் தெரிந்த அரசு, உள்ளே மனிதனை மனிதனிடமிருந்து பிரித்த மதிலை மட்டும் தொடவில்லை.

மன்னனைப் பழிப்பது நம் நோக்கமன்று. பகைவனிடமும் அறிவு இருந்தால் அதைப் பெற்றுக்கொள்ளும் துணிவு அவனுக்கு இருந்தது. அந்த அறிவுடையவனைச் சமமாக அமரவைக்கும் துணிவு அந்தச் சமுதாயத்துக்கு இல்லை. திறமையை வாங்கிக்கொண்டு மதிப்பை மறுப்பது எந்தக் காலத்துக்கும் இழுக்கு.

திருவிதாங்கூரில் கோவில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் இன்று, சீட்டு வாங்கிய எவரும் நுழையலாம்.

அன்று மாலை என் மாணவர்களும் நுழைந்தார்கள். நீ யார், எந்தக் குலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் வாயிற்படியிலே சற்று நின்றான். “ஐயா, அவர் இந்தப் படியைத் தாண்டவே இல்லையா?” என்றான்.

தாண்டியிருக்க வேண்டியவர், தம்பி. நீ தாண்டு, தாண்டியபின், தடுக்கப்பட்டவரை மறவாதே.