பெட்டிக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு

1/
"அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா."

தமிழ்நாட்டுல இந்த வாக்கியத்தைக் கேட்காம வளர்ந்தவங்க குறைவு. ஒன்பது வயசுப் பையன் காசோட கடைக்குப் போறான், கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார். பிடிக்கப் போறது அப்பாதானே, பையன் இல்லையே. இதுல குற்றம் ஏதாவது இருக்கா?

இருக்கு. விற்றவர் மேல. ஏன்னு சொல்லணும்னா நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கதையைச் சொல்லணும். நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2/
கொல்லிமலை வாசலூர்பட்டி மாதிரி ஊர்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, படகு இல்லத்துக்குப் போனவங்களுக்குத் தெரிஞ்ச ஊர். மலை ஊர்கள்ல மிட்டாய், தீப்பெட்டி, சோப்பு, பீடி எல்லாம் பெரும்பாலும் ஒரே சின்னக் கடையிலதான். அங்க இந்தச் சட்டத்தைக் காப்பாத்துறதும் கைவிடுறதும் அந்த ஒரு கடைக்காரர்தான். அந்தப் பொறுப்பு அவர் தலையில எப்படி வந்துச்சு?

3/
புகையிலை நம்ம ஊர்ச் செடி இல்ல. போர்ச்சுகீசியர் கொண்டு வந்தது, 17ஆம் நூற்றாண்டுல இந்தியா முழுக்கப் பரவிடுச்சு. பிறகு திருச்சி சுருட்டு லண்டன் வரைக்கும் பேர் வாங்கினது. 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்லயே திருச்சி சுருட்டின் சாம்பல் ஒரு துப்பு!

ஆனா சுருட்டுப் புகை காட்டமானது. நெஞ்சுக்குள்ள இழுக்கிறது கஷ்டம். பெரும்பாலும் வாயோட நின்னுடும். சின்னப் பசங்களுக்கு அது சுலபமான சரக்கு இல்ல.

4/
இதை மாத்தினது சிகரெட். அதோட புகை மென்மையானது, நுரையீரல் வரைக்கும் இழுக்கலாம். இழுத்த 10–20 விநாடியில நிகோடின் மூளைக்குப் போயிடும்.

1880-களில் அமெரிக்காவோட பான்சாக் இயந்திரம் வந்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல சிகரெட் உருட்டித் தள்ளும். விலை அடியோட இறங்கிடுச்சு. இங்கிலாந்துல வில்ஸ் கம்பெனி 1888-ல விட்ட 'வுட்பைன்', ஒரு பென்னிக்கு ஐந்து. பள்ளிக்கூடப் பையன் காசுக்கும் கிடைக்கிற பொருளாயிடுச்சு.

5/
அடுத்து போயர் போர் (1899–1902). பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போனா, வந்த இளைஞர்கள்ல நிறையப் பேர் உடல் தகுதி இல்லாம இருந்தாங்க. பிரிட்டன் பதறிப்போய் ஒரு குழு போட்டுச்சு. 1904-ல வந்த அந்த அறிக்கை, சிறுவர்கள் புகைக்கிறதையும் ஒரு பிரச்சினையாச் சொன்னது.

கவனிங்க, அப்போ புற்றுநோய் பற்றிய பேச்சே இல்ல. பையன் நோஞ்சானாப் போனா துப்பாக்கி தூக்க ஆள் இருக்காதுங்கிற கவலைதான்!

6/
அதன் விளைவு, 1908-ம் வருஷ பிரிட்டிஷ் குழந்தைகள் சட்டம். 16 வயசுக்குக் கீழ தெரியிற யாருக்கும் சிகரெட் விற்கக் கூடாது.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. சிகரெட்னா, பையன் தனக்கு வாங்கினாலும் அடுத்தவருக்கு வாங்கினாலும் விற்றது குற்றம். பைப்புக்குப் போடுற புகையிலை மாதிரி மற்றதுன்னா, அது பையனுக்குத்தான்னு சந்தேகப்படக் காரணம் இல்லாதவரை கடைக்காரர் தப்பிச்சுக்கலாம். அதாவது அப்பாவோட பைப்புக்குப் புகையிலை வாங்கப் பையன் போகலாம், சிகரெட்டுக்குப் போகக் கூடாது!

நாம முதல்ல கேட்ட கேள்வி, 1908-லயே ஒரு நாடாளுமன்றத்துல அலசப்பட்டது.

7/
பிரிட்டன்தான் முதல்னு நினைச்சுடாதீங்க. ஜப்பான் 1900-லயே 20 வயசுக்குக் கீழ புகைக்கிறதைச் சட்டம் போட்டுத் தடை செஞ்சாச்சு.

இந்தியாவுக்கும் அந்தக் காற்று அடிச்சது. 1918-ல பஞ்சாப், 1919-ல வங்காளம். ரெண்டு மாகாணத்துலயும் 'இளையோர் புகைத்தல் சட்டம்'னே தனியா ஒண்ணு வந்துச்சு. காந்தி ஒத்துழையாமை இயக்கம் தொடங்கும் முன்னாடியே, சின்னப் பையனுக்குச் சிகரெட் விற்காதேன்னு இந்தியாவின் ஒரு பகுதியில சட்டம் இருந்திருக்கு.

8/
அப்புறம் நீண்ட மௌனம்.

1950-ல லண்டன்ல டாலும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினாங்க. 1964-ல அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரே அதை உறுதி செஞ்சார். இந்தியா 1975-ல சிகரெட் சட்டம் கொண்டு வந்துச்சு. ஆனா அது பாக்கெட் மேல ஓர் எச்சரிக்கை வரி போட வச்சதோட சரி. யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கக் கூடாதுன்னு அது பேசல. பீடி அந்தச் சட்டத்துக்குள்ளயே வரல. நம்ம கிராமத்துக் கடையில அதிகம் போறதே பீடிதான்!

9/
ஒரு மருத்துவரா இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும்.

தினமும் புகைக்கிற பெரியவங்கள்ல பத்துல ஒன்பது பேர், 18 வயசுக்குள்ள முதல் சிகரெட்டைத் தொட்டவங்க. அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2012 அறிக்கை சொல்றது இது. யோசிச்சு முடிவெடுக்கிற முன்மூளை முழுசா முதிர 25 வயசு வரைக்கும் ஆகும். அதுக்கு முன்னாடி நிகோடின் பழகினா பிடி ரொம்ப இறுகிடும்.

நுரையீரல் பாதிச்சு 50 வயசுல என்கிட்ட வர்றவர், பெரும்பாலும் 15 வயசுல ஒரு கடையில ஆரம்பிச்சவர். எங்க சிகிச்சை வந்து சேர்றது 35 வருஷம் லேட்டா. கடைக்காரர்தான் அங்க முதல் ஆளா நிக்கிறார்.

10/
1990-களில் விஷயம் சூடுபிடிச்சது. டெல்லி 1996-ல தனிச் சட்டம் போட்டு 18 வயசுக்குக் கீழ விற்பனையைத் தடுத்துச்சு. 2001 நவம்பர்ல, முரளி தேவரா வழக்குல, உச்ச நீதிமன்றம் பொது இடங்கள்ல புகைக்கத் தடை போட்டுச்சு. தமிழ்நாடும் தன் பங்குக்குப் புகைபிடித்தல், எச்சில் துப்புதலுக்கு எதிரா ஒரு சட்டம் இயற்றிச்சு.

கடைசியா நாடு முழுக்க 2003-ல 'கோட்பா' சட்டம். 2004 மே 1-லிருந்து நடைமுறை. சிகரெட், பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை எல்லாம் இதுக்குள்ள வந்துடுச்சு.

11/
அதோட 6-வது பிரிவு ரெண்டே வரிதான்:

அ) 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது.
ஆ) கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) விற்கக் கூடாது.

'அவரோட சொந்த உபயோகத்துக்கு'ன்னு ஒரு வார்த்தை கூட அதுல கிடையாது. அப்பாவுக்கு வாங்கினாலும் மாமாவுக்கு வாங்கினாலும், காசு நீட்டுற கை 18-க்குக் கீழன்னா விற்றது தப்பு. பைப் புகையிலைக்கு 1908 சட்டம் கொடுத்த விலக்கு இங்க எதுக்குமே இல்ல.

12/
விதிகள் இன்னும் தெளிவு. கடையில 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுக்குக் குறையாம பலகை இருக்கணும். வாங்குறவர் மைனர் இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு விற்கிறவர் மேல. சந்தேகம்னா வயசுச் சான்று கேட்கணும். 2011 விதிப்படி சரக்கு பசங்க கைக்கு எட்டுற மாதிரி இருக்கக் கூடாது.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விற்கவும் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகனைக் கல்லாவுல உட்கார வச்சுட்டு அம்மா சமைக்கப் போறாங்களே, அப்போ அந்தப் பையன் பீடி எடுத்துக் கொடுத்தா அதுவும் மீறல்தான்.

13/
தண்டனை? கோட்பாவுல அதிகபட்சம் 200 ரூபாய். 2003-ல போட்ட தொகை, இன்னைக்கும் அதேதான். ஒரு பாக்கெட் சிகரெட்டே அந்த விலைக்கு வந்துடுச்சு!

ஆனா அதோட முடியல. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-ன்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தா ஏழு வருஷம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். அதே கடை, அதே பையன், அதே பீடி. ஒரு சட்டத்துல 200 ரூபாய், இன்னொண்ணுல ஏழு வருஷம். பலகையில எழுதியிருக்கிறது 'தண்டனைக்குரிய குற்றம்'னு மட்டும்தான். எவ்வளவு பெரிய தண்டனைன்னு கடைக்காரருக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்ல.

14/
பலன் என்ன? 2019 தேசிய இளையோர் புகையிலை ஆய்வு (13–15 வயசு மாணவர்கள்) சொல்றது:

• 8.5% பேர் ஏதோ ஒரு வடிவத்துல புகையிலை பயன்படுத்துறாங்க.
• சிகரெட் பழகினவங்கள்ல 38%, பீடி பழகினவங்கள்ல 47% பேர், பத்து வயசு ஆகும் முன்னாடியே ஆரம்பிச்சவங்க.
• கடையில வாங்கினவங்கள்ல ஏறக்குறையப் பாதிப் பேரை வயசைச் சொல்லி யாரும் தடுக்கல.

பத்து வயசுக்கு முன்னாடி. திரும்ப ஒரு தடவை வாசிங்க.

15/
இதுக்குப் பெரிய வாசல் 'ஒத்தை சிகரெட்'. பாக்கெட்டோட 85% இடத்துல எச்சரிக்கைப் படம் போடணும்னு 2016-ல கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம். ஆனா ஒத்தையா வாங்குற பையன் பாக்கெட்டையே பார்க்கிறதில்ல. முழுப் பாக்கெட்டுக்கு அவன்கிட்ட காசு கிடையாது. ஒண்ணுக்கு இருக்கு. 1888 வுட்பைன் கணக்கு, நம்ம பெட்டிக்கடையில இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

16/
இப்போ திரும்ப மலைக்கு வருவோம்.

நகரத்துக் கடைக்காரருக்குப் பையனோட வயசு தெரியாது. வாசலூர்பட்டி மாதிரி ஊர்ல ஆதாரே வேண்டாம். அவன் யார் மகன், எந்த வகுப்பு, எந்த வருஷம் பொறந்தவன்னு கடைக்காரருக்குத் தெரியும். சட்டத்துக்கு இதைவிட நல்ல காவலர் கிடைக்க மாட்டார்.

ஆனா அதே காரணத்தாலதான் அவருக்குச் சங்கடமும். பையனை மறுத்தா அவன் அப்பாவை மறுத்த மாதிரி. அந்த அப்பா பேருக்குக் கணக்கு நோட்டுல பாக்கி இருக்கும். நாளைக்குக் காட்டுல, கல்யாணத்துல, சந்தையில முகம் பார்த்தாகணும். 200 ரூபாய் அபராதத்தை விட இந்த முகத்தாட்சண்யம் பெருசு.

17/
அதனாலதான் அந்தச் சட்டம் கடைக்காரருக்கு எதிரி இல்லைன்னு சொல்றேன். அது அவருக்கு ஒரு சாக்கு. "நான் என்னப்பா பண்றது, பலகையில போட்டிருக்கு, நீ வந்து வாங்கிக்கோ"ன்னு பகையில்லாம சொல்ல முடியும். அப்பா நாலு எட்டு நடந்தா ஒண்ணும் ஆயிடாது. பையன் நடக்காம இருந்தா நிறைய ஆகும். பீடி வாங்குறது தண்ணி பிடிக்கிற மாதிரி ஒரு வீட்டு வேலைன்னு அவன் மனசுல பதியாது.

படகு இல்லத்துக்கு வர்ற வெளியூர்க் கூட்டம் வேற கதை. அங்க வயசு தெரியாது. சந்தேகம்னா சான்று கேட்கணும், அவ்ளோதான்.

18/
"கடையில தடுத்தா வேற எங்கயாவது வாங்குவான்"னு சொல்வாங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல நீடம்னு ஒரு சின்ன ஊர். 2005-ல விற்பனை வயசை 21 ஆக்கினாங்க. சுத்தி இருந்த ஊர்கள்ல பழைய வயசுதான், பையன் பஸ் ஏறிப் போய் வாங்கலாம். இருந்தும் 2006-லிருந்து 2010-க்குள்ள நீடம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்ல புகைக்கிறவங்க 13%-லிருந்து 7% ஆனாங்க. பக்கத்து ஊர்கள்ல இவ்வளவு குறையல.

இலங்கையில 2006-லிருந்தே 21. சிங்கப்பூர்ல 2021-லிருந்து 21. கர்நாடகா 2025-ல 21 ஆக்கி, ஒத்தை விற்பனையையும் தடை செஞ்சாச்சு. மாலத்தீவு இன்னும் ஒரு படி மேல போய், 2007-ல இருந்து பொறந்த யாருக்குமே எப்பவுமே விற்கக் கூடாதுன்னுடுச்சு. நாம இன்னும் 18, 200 ரூபாய்.

19/
கடை வச்சிருக்கிறவங்களுக்குச் சுருக்கமா:

• பலகை கண்ணுல படுற இடத்துல.
• 18-க்குக் கீழ யாருக்கும் கிடையாது, யாருக்கு வாங்கினாலும்.
• உங்க பிள்ளை கல்லாவுல இருக்கும்போது புகையிலை விற்பனை இல்லை.
• பள்ளிக்கூட மதில்லிருந்து 100 கெஜத்துக்குள்ள விற்பனையே கூடாது.
• மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்துல பீடிக் கட்டு வேண்டாம்.
• இ-சிகரெட் 2019-லிருந்து நாடு முழுக்கத் தடை. குட்கா தமிழ்நாட்டுல தடை. இதுக்கெல்லாம் வயசுக் கணக்கே இல்ல, யாருக்குமே விற்கக் கூடாது.

20/
பெற்றோருக்கு ஒண்ணே ஒண்ணு: பீடி வாங்கப் பிள்ளையை அனுப்பாதீங்க. விட முடியலைன்னா நீங்களே போய் வாங்குங்க. விடணும்னு தோணினா 1800-11-2356, கட்டணமில்லா தேசிய உதவி எண்.

உங்களுக்குத் தெரிஞ்ச பெட்டிக்கடை அண்ணன், அக்கா யாராவது இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க. வாசிக்க நேரமில்லைன்னா 19-ஐ மட்டும் படிச்சுக் காட்டுங்க.