பாட்டனார் வைத்த கைத்துப்பாக்கியும் அதன் காலமும்

செங்கற்பட்டுச் சீமையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், ஓலைச்சுவடி, கிரயப் பத்திரம், வெள்ளிப்பூண் கட்டிய கைத்தடி முதலியவற்றோடு, துணியிற் சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்றும் பெட்டியின் அடியிற் கிடப்பதுண்டு. அதன் வரலாற்றை முதியோரிடம் வினவின், "கிளைவு துரை நம் முன்னோருக்குப் பரிசாக அளித்தது" என்றோ, "ஹைதர் சண்டையிற் கைப்பற்றியது" என்றோ விடை வரும். இவ்விடை மெய்யாயின், அதனைச் சான்றுகாட்டி நிறுவுதல் நம் கடமை. மெய்யன்றாயின், அதனைப் பெருமையென்று பிள்ளைகளுக்குக் கற்பியாதிருத்தலும் கடமையேயாம். ஆதலின் இத்தகைய பொருளின் காலத்தை அறியும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

நம் ஜில்லா பலகாலம் போர்க்களமாயிருந்தது என்பதில் ஐயமில்லை. 1752-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவு கோவளத்தையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். 1763-ல் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி இப்பகுதியைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சீபுரத்தை அடுத்த பொள்ளிலூரில், கர்னல் பெய்லியின் சேனை ஹைதரலி, திப்பு ஆகியோரின் படையால் முறியடிக்கப்பட்டது. சதுரங்கப்பட்டினத்திலோ ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாணிகம் நடத்தினர். இவர்கள் படைக்கலங்களில் ஒன்றிரண்டு குடிகளின் கையில் தங்கியிருத்தல் இயல்பே. ஆனால் அவை எத்தகைய படைக்கலங்கள் என்பதே கேள்வி.

அக்காலத்துப் போர்வீரர் ஏந்தியவை திரியாற் கொளுத்தும் துப்பாக்கிகளும், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிகளுமே. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிக்க வேண்டும். பல அறைகளையுடைய உருளை சுழன்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் ரிவால்வரைச் செய்ய முன்னரும் சிலர் முயன்றதுண்டு. எனினும் அவை மிக அருகிய பொருள்கள். அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டு 1836-ல் தம் நாட்டில் உரிமைப் பத்திரம் பெற்ற பின்னரே ரிவால்வர் உலகிற் பரவலாயிற்று. இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் என்பார் 1851-லும், அதனைத் திருத்தி போமான் என்னும் படை அதிகாரி அதன் பின்னரும் உரிமை பெற்றனர். கிளைவு இறந்ததோ 1774-ல். ஹைதர் இறந்தது 1782-ல். எனவே பித்தளைத் தோட்டா இடும் ரிவால்வரைக் கிளைவின் பரிசு என்பது காலத்தோடு பொருந்தாது.

இதனால் முன்னோர் பொய்யுரைத்தனர் என்று கொள்ளற்க. வீட்டில் பழைய துப்பாக்கி ஒன்று இருந்திருக்கலாம். அது துருவேறி அழிந்தபின், அதன் கதை புதிய துப்பாக்கியின்மேல் ஏறியிருக்கலாம். பரணிற் கேட்பாரற்றுக் கிடக்கும் நெடிய துப்பாக்கியையும் இதுகாரணமாக எடுத்துப் பார்த்தல் வேண்டும். அதன் விசைத் தகட்டில் இருதய வடிவத்துள் கும்பினியின் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருப்பின், அது ஏறக்குறைய 1808-க்கு முற்பட்டது; பின்கால் ஊன்றி நிற்கும் சிங்கம் இருப்பின் அதற்குப் பிற்பட்டது. ஒல்லாந்தர் கும்பினியின் மூன்றெழுத்துப் பின்னல் முத்திரையும் சில துப்பாக்கிகளிற் காணப்படும். பட்டிற் பொதிந்த ரிவால்வரைவிடப் பரணிற் கிடக்கும் இரும்பே பழமை மிக்கதாயிருத்தல் கூடும்.

இனி ரிவால்வரை ஆராயும் முறை. முதலாவது, தீப்பற்றும் வகையை நோக்குக. உருளையின் பின்புறத்தில் கேப்பு மாட்டும் காம்புகள் இருப்பின், அது பெரும்பாலும் 1870-க்கு முந்திய அமைப்பு. உருளையின் விளிம்பிற் சிறு பிளவுகள் இருந்து, தோட்டாவின் பக்கத்தில் நீட்டிய ஊசியைக் குதிரை தட்டும் வகையாயின், அது லெபோஷே என்னும் பிரஞ்சுக்காரர் பெயரால் வழங்கும் முறை. தோட்டாவின் அடிநடுவில் தட்டும் வகையே பிற்பட்டது.

இரண்டாவது, சோதனை முத்திரைகளை நோக்குக. குழல் வெடியாது தாங்குமா என்று சோதித்து முத்திரையிடும் சாலைகள் லண்டனிலும் பர்மிங்காமிலும் உண்டு. பர்மிங்காம் சாலை 1813-ல் ஏற்பட்டது. கிரீடத்தின்கீழ்க் குறுக்கிட்ட செங்கோல்கள் இருப்பின் அது 1904-க்கு முற்பட்ட பர்மிங்காம் முத்திரை. முட்டை வடிவத்துள் இ, எல், ஜி என்னும் ஆங்கில எழுத்துக்கள் இருப்பின் அது பெல்ஜியத்து லியேஜ் நகரத்தது. அதன்மேல் கிரீடமும் இருப்பின் 1893-க்குப் பிற்பட்டது.

மூன்றாவது, பெயர். சென்னை மவுண்டு ரோட்டுப் பி. ஆர் அண்டு ஸன்ஸ், கல்கத்தா ராடா கம்பெனி என்பன போன்ற பெயர்கள் விற்றவர் பெயர்களாகலாம், செய்தவர் வேறாயிருப்பர். "வெப்ளி அண்டு ஸ்காட்" என்று இருப்பின் அக்கம்பெனி 1897-ல் உருவானதாகலின், அதற்கு முற்பட்டதன்று. அகன்ற அம்புமுனைக் குறி சர்க்கார் உடைமையைக் காட்டும். இரண்டு அம்புமுனைகள் ஒன்றையொன்று நோக்கி நின்றால், சர்க்கார் அதனை முறைப்படி விலக்கி விற்றதென்று பொருள்.

நான்காவது, வரிசை எண். இதன் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 1914 ஆகஸ்டு 26-ல் கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த 50 மௌஸர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளரால் கவரப்பட்டன. அவற்றின் எண்கள் கம்பெனியின் கணக்கில் இருந்தமையால், பிற்பாடு பல வழக்குகளில் அகப்பட்டவை இன்னவையென அடையாளங் காணப்பட்டன. எண் ஒன்றே சாட்சி சொல்லியது.

இம்முத்திரைகள் மிக நுண்ணியவை. பித்தளைப் பாத்திரம் துலக்குவதுபோல் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துப்பாக்கியைத் தேய்த்தால், வீட்டின் சான்றைத் தம் கையாலேயே அழித்தவராவர். அன்றியும், உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதை அறிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் அதனைக் கையாளலாகாது.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நம்மவர் துப்பாக்கி வைக்க லைசென்ஸைக் கட்டாயமாக்கிற்று. எனவே பழைய லைசென்ஸுக் காகிதமே பல வீடுகளுக்குச் சிறந்த சரித்திரச் சான்றாகும். அது சைதாப்பேட்டையிலிருந்து வழங்கப்பட்டிருப்பின் வியவற்க. நெடுங்காலம் நம் ஜில்லாவின் தலைமையிடம் அதுவே. இப்போது நடைபெறுவது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. சுடத்தக்கதாயின், பாட்டனார் சொத்தாயினும் லைசென்ஸு வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மரபுரிமையாய் வந்ததையும் சேர்த்து இரண்டுக்கு மேல் வைத்தலாகாது. உரியவர் இறந்தபின் லைசென்ஸு இல்லாதார் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸு பெற்ற வியாபாரியிடத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். பின்னர் லைசென்ஸு பெற்று மீட்டுக்கொள்ள வழியுண்டு.

ஆதலின் அன்பர்கள், துப்பாக்கியில் உள்ள எழுத்து, எண், முத்திரை இவற்றை உள்ளவாறே ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டார் சொல்லும் கதையை அதன் கீழே தனியாக எழுதி, பழைய லைசென்ஸோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவாராக. கண்டது இது, கேட்டது இது என்று பிரித்து வைத்தலே சரித்திரத்தின் முதற்படி. பின்வரும் சந்ததியார் எதனை நம்புவதென்று தாமே தெளிந்துகொள்வர்.