கொன்றையும் வன்னியும்

குடமுழுக்கு மலரில் மரங்களின் குலமும் கிளையும் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறையாகப் போற்றுவோர் நாம். தலத்தைச் சொல்லும்போது தலமரத்தையும் உடன் சொல்லுகிறோம். விமானம் பழுதுற்றால் தபதியாரைத் தேடி அழைக்கிறோம்; திருக்குளம் தூர்ந்தால் பொருள் திரட்டித் தூர் வாருகிறோம்; தலமரம் பட்டுப்போனால் மட்டும் கைக்குக் கிடைத்த கன்றை நட்டுவிட்டு மனநிறைவு கொள்கிறோம். அவ்வாறு நேர்ந்த பிழை ஒன்றில் யானும் பங்கு கொண்டவன். அதனைச் சொல்லாமல் தொடங்குதல் முறையாகாது.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், கொன்றையைத் தலமரமாக உடைய ஒரு சிற்றூர்க் கோயிலில் பழைய மரம் புயலில் வீழ்ந்தது. அடியார் ஒருவர், கொன்றை என்று சொல்லி விற்கப்பட்ட கன்று ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். நல்ல நாள் பார்த்து நட்டார்கள். அன்று கொன்றையின் பெருமையை ஒரு மணி நேரம் விரித்துரைத்தவன் யான். சில ஆண்டுகளில் மரம் ஓங்கி வளர்ந்தது, மஞ்சட்பூவும் பூத்தது. ஆனால் பூங்கொத்துச் சரமாகத் தொங்கவில்லை. கிளை நுனியில் நிமிர்ந்து நின்றது. காயும் குழல்போல் உருண்டு நீளாமல் நாடாவைப்போல் தட்டையாக இருந்தது. அவ்வூர் முதிய ஓதுவார் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இது சரக்கொன்றை அன்று, சாலை ஓரத்தில் நிழலுக்கு வைக்கிற மஞ்சட்கொன்றை" என்றார். மடத்தில் இலக்கியமும் சாத்திரமும் பயின்ற எனக்கு, ஏட்டுக் கொன்றை தெரிந்திருந்தது. மரக் கொன்றை தெரியவில்லை. அன்று அடைந்த நாணமே பிற்காலத்தில் என்னைத் தாவர நூல்களின் பக்கம் திருப்பியது.

மரங்களை வகைப்படுத்தும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். அதனாலே பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லாயின. இக்காலத் தாவர நூலாரும் அம்மூன்றனையும் புல்லோடு ஒருவித்திலைப் பிரிவில் வைத்திருப்பது எண்ணி மகிழ்தற்குரியது. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கிச் சொல்லும் இடத்தில் கொன்றையும் உண்டு. சங்கச் செய்யுட்கள் கொன்றையைக் கார்காலத்து மலராகக் கொள்கின்றன. நாமோ அது சித்திரை வைகாசியில் பொன் சொரிவதைக் காண்கிறோம். இதற்கு அமைதி கூறுவார் பலர். அவ்வழக்கினுள் யான் புகவில்லை.

கொன்றைக்கு மேனாட்டார் வைத்த பெயர் 'காசியா பிஸ்டுலா' என்பது. பிஸ்டுலா என்றால் இலத்தீன் மொழியில் குழல். ஆயர் ஊதும் குழலுக்கும் அச்சொல்லே வழங்கியது. கொன்றையின் காய் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை உருண்டு நீண்ட குழல். உள்ளே காசுகளை அடுக்கி வைத்ததுபோல் குறுக்குத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு விதை, கரிய சதை. மலம் இளக்கும் மருந்தாக அச்சதையை நம் வைத்தியர் நெடுங்காலமாக அறிவர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக் குழல் பேசப்படுகிறது. மழநாட்டுத் திருமங்கலத்து ஆனாயநாயனார், பூத்து நின்ற கொன்றையைக் கொன்றைமாலை சூடிய பெருமானாகவே கண்டு, அதன் எதிரே நின்று குழலில் திருவைந்தெழுத்தை இசைத்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் உருகிப் பாடியுள்ளார். இலத்தீனில் பெயர் வைத்தவர்க்கு ஆனாயரைத் தெரியாது. எனினும் குழல் என்னும் பொருளே அப்பெயரில் அமைந்துவிட்டது.

இம்மரம் மேனாட்டு நூலிற் படத்துடன் ஏறியதற்கு மலையாள நாடே வாயில். கொச்சியை ஆண்ட ஒல்லாந்தத் தளபதி வான் ரீட் என்பார், இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரையும், இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரையும் துணைக்கொண்டு மலையாளத்து மரஞ்செடிகளைத் தொகுத்தார். 'ஆர்த்தஸ் மலபாரிகஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 பகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. எழுநூற்றுக்கு மேற்பட்ட செடிகொடிகள் அதில் படத்துடன் உள்ளன. முதற்பகுதியில் கொன்றை, 'கொன்ன' என்னும் தன் மலையாளப் பெயராலேயே நிற்கிறது. கேரளத்துத் தாவர அறிஞர் மணிலால் பல்லாண்டு உழைத்து அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 2003இல் வெளிவந்தது.

அதன்பின் வந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். அவர் 1753இல் வெளியிட்ட நூலே செடிகளுக்கு இரு சொற்பெயர் இடும் முறைக்குத் தொடக்கம். அவர் செடிகளை 24 வகுப்பாகப் பிரித்தார். பூவினுள் மகரந்தத்தாள் எத்தனை, அவை எவ்வாறு அமைந்துள்ளன என்பதே அவருடைய அளவுகோல். எண்ணத் தெரிந்த எவரும் கையாளக்கூடிய எளிய முறை. ஆனால் உறவினரைப் பிரித்துவிடும் முறை. கொன்றைக்குப் பத்துத் தாள். எனவே 10ஆம் வகுப்பு. புளிக்கு நிறைவுற்ற தாள் மூன்றே. எனவே அது 3ஆம் வகுப்பிற் போயிற்று. அவரைக்குத் தாள்கள் இரு கட்டாய் இருத்தலின் 17ஆம் வகுப்பு. வன்னியோ கருவேலோடு 23ஆம் வகுப்பில் நின்றது. அவரைக்காயையும் புளியங்காயையும் வன்னிக்காயையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் சிறுவனும், இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பான். அவற்றையெல்லாம் ஒரே குடும்பமாகத் தம் நூலில் நிறுத்தியவர், பாரிசு நகரத்து ஜுசியூ. ஆண்டு 1789. லெகுமினோசி என்பது அக்குடும்பத்தின் பெயர். தமிழில் அவரைக் குடும்பம் என்போம். பூவினால் அன்றிக் காயினாலேயே இக்குடும்பம் அடையாளம் பெறுகிறது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இக்குடும்பத்தைப் பூவின் வடிவால் மூன்று கிளையாக வகுத்தனர் 19ஆம் நூற்றாண்டினர். அகத்தி, அவரை, சங்குபுட்பம், புரசு, புங்கு முதலியன வண்ணத்துப்பூச்சி போன்ற பூவுடையன. கொன்றை, ஆவிரை, மந்தாரை, புளி, அசோகு முதலியன அவ்வடிவம் பெறாதன. வன்னி, கருவேல், தொட்டாற்சுருங்கி முதலியன நுண்ணிய பூக்கள் திரண்டு கதிராகவோ உருண்டையாகவோ நிற்பன. பெந்தம் என்னும் ஆங்கில அறிஞர் இப்பகுப்பை 1865இல் விரிவாக எழுதி நிலைபெறச் செய்தார். அவருக்கும் முன்பே நம் கடற்கரையில் பணி நிகழ்ந்திருந்தது. லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, சோழமண்டலக் கரையெங்கும் செடிகளைத் திரட்டினார். அவரை அடுத்து வந்த ராக்ஸ்பரோ அசோகுக்கு, வடமொழி வல்ல வில்லியம் ஜோன்ஸின் பெயரை இட்டு வைத்தார். பின்னர் அது கீழைத் தீவுகளில் வளரும் வேறோர் இனத்தோடு குழம்பி, நம் அசோகுக்கு உரிய சரியான பெயர் 1968இல்தான் அமைந்தது. நம் ஊர்களில் அசோகமரம் என்று வீட்டு வாயிலில் வளர்க்கும் நெட்டிலிங்கமோ அவரைக் குடும்பமே அன்று; அது சீத்தாவின் உறவு.

மூன்று கிளைப் பகுப்பே பள்ளி நூல்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அதன்படி கொன்றை ஒரு கிளை, வன்னி வேறொரு கிளை. அச்சிறுபாக்கத்தில் கொன்றையை வணங்கி, திருமுதுகுன்றத்திலும் திருப்பாண்டிக்கொடுமுடியிலும் வன்னியை வணங்கும் நமக்கு, இரண்டும் ஒரே பெருமானுக்கு உரியவை என்பதன்றி வேறு உறவு தோன்றியதில்லை. 2017இல், பல நாட்டு அறிஞர் கூடி, செடிகளின் உயிரணுவில் உள்ள மரபுப் பொருளை ஒப்பிட்டு ஆராய்ந்து, மூன்று கிளையை ஆறு ஆக்கினார்கள். ஏறத்தாழ 19,500 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் இது. புளியும் அசோகும் ஒரு தனிக் கிளையாயின. மந்தாரை மற்றொரு கிளைக்குப் போயிற்று. வண்ணத்துப்பூவின அப்படியே நின்றன. வன்னியின் கிளை முழுவதும் கொன்றையின் கிளையினுள் வந்து அடங்கியது. இதனைப் படித்த நாளில் யான் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வைப்பது அரிது. ஆராய்ச்சியாளர் நம் புராணத்தை மெய்ப்பிக்க முயன்றவர் அல்லர். ஆதலின் இதனை மேடையில் சமயத்துக்குச் சான்றாகக் காட்டுவாரை யான் விலக்குவேன். உறவை அறிந்த மகிழ்ச்சி மட்டும் போதும்.

இனி, என் பிழைக்கு வருகிறேன். லின்னேயஸ் காலம் முதல் காசியா என்ற ஒரு பெயரின் கீழ்ப் பற்பல மஞ்சட்பூ மரங்களும் செடிகளும் கிடந்தன. ஆவிரையும் சயாம் நாட்டுப் பெயர் பெற்ற மஞ்சட்கொன்றையும் அவற்றுட் சேர்ந்தவை. 1982இல் இர்வின், பார்னெபி என்னும் அறிஞர் இருவர் அவற்றைப் பிரித்து, ஆவிரையையும் மஞ்சட்கொன்றையையும் சென்னா என்னும் இனத்தில் வைத்தனர். மெய்யான கொன்றையின் பத்துத் தாள்களில் மூன்று நீண்டு இருமுறை வளைந்திருக்கும். பூக்காம்பின் அடியில் இரு சிறு செதில் உண்டு. காய் தானே வெடிக்காது. சென்னாவுக்கு அவ்வளைவும் இல்லை, செதிலும் இல்லை. பூக்குமுன் அறிய வேண்டுமானால் இலையைப் பார்க்கலாம்: கொன்றையின் சிற்றிலை உள்ளங்கை அகலத்துக்கு வளரும், மஞ்சட்கொன்றையின் சிற்றிலை விரல் நீளம், நுனி மழுங்கியது. ஓதுவார் ஒரு பார்வையில் கண்டதைக் காண எனக்கு இத்தனை நூல்கள் வேண்டியிருந்தன!

வன்னிக்கும் இத்தகைய இடர் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல், நெடுங்காலம் வன்னியோடு புரோசாபிஸ் என்னும் ஒரே இனப்பெயரில் எழுதப்பட்டு வந்தது. கருவேலை ஒழிக்கப் புறப்பட்டோர் வன்னியையும் சேர்த்து வெட்டிய செய்தியை யான் செவியுற்றிருக்கிறேன். 2022இல் அறிஞர்கள் சீமைக்கருவேலை நெல்டூமா என்னும் வேறு இனமாக்கினர்; பழைய பெயர் வன்னிக்கே நின்றது. முள்ளைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். வன்னியின் சிறுமுட்கள் தண்டு நெடுகக் கணுவிடைகளில் சிதறி நிற்கும். கருவேலில் கணுவிலேயே நீண்ட முள் கிளம்பும். விசயதசமியன்று அம்பு எய்யும் வழிபாட்டுக்கு வன்னிக் கிளை கொணர்வோர் இதனை அறிதல் நலம்.

அவரைக் குடும்பத்துக்கே உரிய மற்றொரு தன்மையையும் சொல்லவேண்டும். இவற்றுட் பலவற்றின் வேரில் சிறு முண்டுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கும். கொழுஞ்சியை மடக்கி உழும் நம் உழவர் அதன் பயனை முன்னரே கண்டவர்கள். வன்னிக்கு அம்முண்டு உண்டு, கொன்றைக்கு இல்லை. ஆதலின் கொன்றைக் குழிக்கு மட்கிய எரு இடுதல் வேண்டும்.

அச்சிற்றூர்க் கோயிலில் மஞ்சட்கொன்றையை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அடியார் கையால் நட்டது. வேறொரு சிவத்தலத்துக் கொன்றையிலிருந்து முற்றிய காய் கொணர்ந்து, விதையின் கடினமான தோலை அரத்தால் சிறிது தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து முளைக்கச் செய்தோம். தோலைத் தேய்க்காவிடில் எளிதில் முளைக்காது. விதைத்த பத்தில் நான்கு முளைத்தன. ஒன்றை ஓதுவார் தம் கையாலேயே வடக்குப் பிராகாரத்தில் நட்டார். அது முதற் சரம் தொங்கவிட்ட ஆண்டில் அவர் இல்லை. அவர் மகன் அச்சரத்தைக் கொய்து சாத்தியபோது யான் அருகில் நின்றேன், அன்று பேசுமாறு கேட்டனர், யான் பேசவில்லை.