மேசைமேல் ஒரு பந்தாட்டக் களம்

பகடை என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுபவன் சகுனியே. நாடும் தம்பியரும் மனைவியும் பணயமான அச்சூதினை எண்ணி, பகடையைத் தொடுவதே தீது எனக் கருதும் பெரியோர் இன்றும் நம் இல்லங்களில் உண்டு. ஆயினும், அதே பகடையைக் கணக்கேட்டோடு இணைத்து, மாதக்கணக்கில் சிந்தித்து ஆடும் ஆட்டமாக்கிய வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. வரலாறு பயிலும் மாணவர்க்கு அஃது ஏற்ற பொருளே என்பது என் கருத்து.

பேஸ்பால் அந்நாட்டாரின் தேசிய விளையாட்டு. எறிவாளர் பந்தை எறிய, எதிரணி மட்டையாளர் அதனை அடித்துத் தளங்களைச் சுற்றி ஓடி வருவதே அதன் சாரம். ஒவ்வோர் எறிதலும் தனித்தனி நிகழ்ச்சியாதலின் அவற்றை எண்ணிக் குறித்து வைப்பது எளிது. இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் செய்தியாளராக விளங்கிய ஹென்றி சாட்விக் என்பார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆட்ட விவரங்களை அட்டவணையாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இக்குறிப்பேடுகள் இல்லையேல் நாம் பேசப் புகுந்த மேசை ஆட்டம் பிறந்திராது.

கிளிஃபர்ட் வான் பீக் என்பவர் 1920-களில் ‘நேஷனல் பாஸ்டைம்’ என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். உண்மையான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பகடை விழும் எண்ணுக்கேற்ப அவ்வட்டை விடை சொல்லும். அதனைச் சிறுவயதில் ஆடி மகிழ்ந்த ரிச்சர்டு சைட்ஸ், 1951-இல் ‘ஆப்பா’ என்னும் ஆட்டத்தைப் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரிலிருந்து விற்கத் தொடங்கினார். 1961-இல் ஹால் ரிச்மன் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ ஆட்டத்தை வெளியிட்டார். தந்தையிடம் கடன் பெற்று, தொழில் நொடித்தால் அவருடைய காப்புறுதி அலுவலகத்திலேயே பணிபுரிவதாக வாக்களித்து அவர் இதனை நடத்தினார் என்பது சுவையான செய்தி.

ரிச்மன் ஆட்டத்தில் மூன்று பகடைகள். முதற்பகடையில் ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் மட்டையாளரின் அட்டையையும், நான்கு முதல் ஆறு வரை விழுந்தால் எறிவாளரின் அட்டையையும் நோக்க வேண்டும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை, அட்டையில் எந்த வரியைப் படிப்பது என்பதைக் காட்டும். இரு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளுள் கூட்டுத்தொகை ஏழு வருவன ஆறு. பன்னிரண்டு வருவது ஒன்றே. ஆகவே வல்லவரின் நற்பலன்கள் ஏழை ஒட்டியும், எளியவரின் நற்பலன்கள் ஓரங்களிலும் அமையும். நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல கருவி கிடைப்பது அரிது.

இனி, பட்டியல் ஆளும் கலைக்கு வருவோம். நண்பர் பலர் ஆளுக்கோர் அணியாகக் கூடி லீக் அமைப்பர். அஞ்சல்வழியே கட்டளை அனுப்பி ஆடியோரும் இருந்தனர். பல லீக்குகளில் ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும்போது, சென்ற பருவத்தில் கடைசியில் நின்றவர்க்கே முதல் உரிமை. சென்ற ஆண்டுச் செயல்தான் இவ்வாண்டின் அட்டை. அதில் உள்ள திறமையைக் கூட்டவோ குறைக்கவோ அணித் தலைவரால் இயலாது. இருப்பதைப் பங்கிட்டு ஆளுவது ஒன்றே அவர் கையில் உள்ளது.

அப்பங்கீடு எத்தகையது? எறிவாளர் அடுத்தடுத்த நாள்களில் எறிந்தால் சோர்வார். ஆதலின் நால்வரையோ ஐவரையோ முறைவைக்க வேண்டும். பிடிப்பாளருக்கு மாற்றாள் ஒருவர் இன்றியமையாதவர். அதற்கும் மேலாக, ஓராண்டில் ஒருவர் எத்தனை முறை மட்டையேந்தினாரோ அத்தனை முறையே மேசையிலும் ஏந்தலாம் எனப் பல லீக்குகள் வரையறுக்கும். பால்டிமோர் அணியின் 1982-ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. இடக்கை மட்டையாளரான ஜான் லோவன்ஸ்டீன் 322 முறை மட்டையேந்தி 24 ஹோம் ரன்கள் அடித்தார். வலக்கையரான கேரி ரோனிக் அடித்தவை 21. பொதுவாக இடக்கை மட்டையாளர்க்கு வலக்கை எறிவாளரை எதிர்ப்பது எளிது. வலக்கை மட்டையாளர்க்கோ இதன் மறுதலை. அணியின் மேலாளர் எர்ல் வீவர் எறிவாளரின் கைநோக்கி இவ்விருவரையும் மாற்றி மாற்றி நிறுத்தினார். ஆக, ஓர் இடத்திலிருந்து 45 ஹோம் ரன்கள்! தனித்தனியே நோக்கின் இருவரும் பெருவீரர் அல்லர். லோவன்ஸ்டீன் அட்டையின் ஒளியில் மயங்கி அவரை நாள்தோறும் ஆடவிடும் தலைவர், பருவத்தின் பாதியைக் கடந்த சில நாள்களில் அவரை இழந்து நிற்பார். சிக்கனம் அறியாதவர்க்கு இவ்வாட்டம் இரங்குவதில்லை.

பட்டியலின் உயிர் பதிவேட்டில் உள்ளது என்றேன். பதிவேட்டில் இல்லாதவர்க்கு அட்டையும் இல்லை. இவ்விடத்தில்தான் விளையாட்டு வரலாற்றோடு மோதுகிறது. 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் களமிறங்கும்வரை, இருபதாம் நூற்றாண்டின் முதன்மை லீக்குகள் கறுப்பின ஆட்டக்காரர்க்குக் கதவடைத்திருந்தன. அவர்கள் தமக்கென நீக்ரோ லீக்குகள் அமைத்து ஆடினர். அவ்வாட்டங்களின் கணக்கோ முறையாகத் திரட்டப்படாமல், பழைய செய்தித்தாள்களின் மூலைகளில் சிதறிக் கிடந்தது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அத்தாள்களைப் புரட்டி, அட்டவணை அட்டவணையாகப் பெயர்த்தெழுதினர். அதன் பயனாக இந்நூற்றாண்டில் அவ்வீரர்க்கு ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டைகளும் வெளிவந்தன.

அவருள் தலையாயவர் பிடிப்பாளர் ஜோஷ் கிப்சன். ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று திங்கள் முன்னர், 1947 சனவரியில், தம் 35-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2020 டிசம்பரில் முதன்மை லீக் நிருவாகம், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு நீக்ரோ லீக்குகளை முதன்மை லீக்குகளாக ஏற்றது. 2024 மே மாதத்தில் அவற்றின் கணக்குகளும் பொதுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஆயிரத்துக்கு 372 என்னும் கிப்சனின் அடி விழுக்காடு, டை காப் என்பாரின் 367-ஐக் கடந்து முதலிடம் பெற்றது. தாம் வாழ்ந்த காலத்தில் முதன்மை லீக் அணி எதிலும் இடம் பெறாத அவரை, இன்று மேசையருகே அமர்ந்து பட்டியல் எழுதுவோர் பிடிப்பாளர் என்னும் தலைப்பின்கீழ் முதற்பெயராக எழுதிக்கொள்ளலாம்.