கோட்டும் குளமும்: ஜோத்பூர் மக்களின் உலா மரபு

ராஜஸ்தானின் மேற்கே தார்ப் பாலையின் விளிம்பில் அமைந்த ஜோத்பூரில், குடும்பத்தோடு பொழுதுபோக்கச் செல்வதற்கென நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடங்களான மண்டோர், பாலசமந்து, கைலானா ஆகிய மூன்றும் நீரைத் தேக்கிய இடங்களாகவோ அந்நீரால் வளர்ந்த சோலைகளாகவோ இருப்பது தற்செயலன்று. ஆண்டு முழுவதற்கும் சராசரியாக ஏறத்தாழ 360 மில்லிமீட்டர் மழையே பெறும் இந்நகரில், அம்மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையான சில நாட்களிலேயே கொட்டி முடிந்துவிடுவதால், பிற ஊர்களில் கோடையோ விழாவோ வகுக்கும் உலாக் காலத்தை இங்கு மழையே வகுத்தது.

அவ்வுலாவுக்கு மார்வாரி மொழியில் 'கோட்' என்று பெயர். கூட்டத்தைக் குறிக்கத் தமிழிலும் வழங்கும் 'கோஷ்டி' என்ற வடசொல்லோடு இதனை உறவுபடுத்துவர். ஊருக்கு வெளியே, நீர்நிலை அருகில், உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிச் சமைத்து உண்ணும் வழக்கம் இது. தமிழரின் ஆடியை ஒட்டி வரும் சாவன் மாதமே இதற்குரிய காலம். கட்டுச்சோறு கொண்டுபோவதினும் அங்கேயே சமைப்பதுதான் கோட்டின் உயிர். கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவை எலுமிச்சையளவு உருண்டைகளாக்கி, வரட்டி எரிந்து தணலான பின் அதில் புதைத்துச் சுட்டு, வெந்ததும் சாம்பலைத் தட்டி, துணியில் வைத்துக் கையால் அழுத்தி வெடிக்கச்செய்து, அந்த வெடிப்பின் வழியே நெய் இறங்கும்படி முக்கி எடுப்பர். இதுவே பாட்டி. இதற்குத் துணையாகப் பருப்பும், மீந்த பாட்டியை உதிர்த்து நெய்யும் சர்க்கரையும் கலந்த சூர்மாவும் அமையும். பாத்திரமும் நீரும் விறகும் மிகக் குறைவாகவே வேண்டும் இச்சமையல் பாலைக்கே உரியது. பயணியர் உணவாகத் தோன்றியதே விருந்தாக உயர்ந்தது என்று கொள்வதில் தவறில்லை.

உலாவிடங்களுள் மூத்தது மண்டோர். மன்னர் ராவ் ஜோதா 1459இல் மேஹ்ரான்கட் என்னும் புதிய கோட்டைக்கு அடிக்கல் நாட்டி ஜோத்பூரை நிறுவும்வரை மார்வார் நாட்டின் தலைநகராய் இருந்த அவ்வூர், தலைநகர் பெயர்ந்த பின்னும் அரச குடும்பத்தாரின் ஈமக்களமாய் நீடித்தது. கோயில் போன்றே விமானம் எடுத்துச் செம்மணற்கல்லில் எழுப்பிய 'தேவல்' எனப்படும் நினைவு மண்டபங்களுள் 1724இல் இறந்த மன்னர் அஜித் சிங்கினுடையதே பெரிது. அருகில், பாறையைக் குடைந்து செதுக்கிய வீரர், தெய்வங்களின் உருவங்கள் வண்ணம் தீட்டப்பெற்று வரிசையாக நிற்கின்றன. ஈமக்களம் உல்லாசத் தோட்டமாய் மாறியது முரணாகத் தோன்றினும், சமாதியைச் சூழ்ந்த கிணறும் நிழலுமே வறண்ட நாட்டில் மக்களை அங்கு ஈர்த்தன. ராவணனின் மனைவி மண்டோதரி இவ்வூரினள் என்றும் அவர்கள் திருமணம் இங்கேயே நடந்ததென்றும் சொல்லி, மணமேடை ஒன்றையும் உள்ளூரார் காட்டுவர். பெயரொலியின் ஒற்றுமையே அக்கதைக்கு வித்தாகியிருக்கலாம். சிறுவர்களுக்கோ மண்டபமும் மண்டோதரியும் பொருட்டல்ல. அங்குத் திரளும் கருமுக மந்திகளுக்குக் கடலை கொடுப்பதே அவர்களுடைய மண்டோர்.

மண்டோருக்கு நீர் தருவதற்காக 1159இல் பாலக் ராவ் என்னும் பரிஹார் தலைவர் அமைத்த ஏரியே பாலசமந்து. இதன் நீரில் வளர்ந்த மா, மாதுளைத் தோட்டமும் கோடை மாளிகையும் பின்னாளில் அரச குடும்பத்தார் வெயிலிலிருந்து ஒதுங்கும் இடமாயின. கைலானா வேறு வகையானது. முந்தைய மன்னர்கள் எழுப்பிய மாளிகைகளும் தோட்டங்களும் இருந்த பள்ளத்தில், அவற்றை இழந்தேனும் நீர் சேர்க்க வேண்டும் என்ற முடிவோடு அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரதாப் சிங் 1872இல் இதனை அமைத்தார். குடிநீருக்காக உல்லாச மாளிகையை மூழ்கடித்த ஏரியே பிற்காலத்தில் ஊராரின் உல்லாச இடமாயிற்று என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நீர் மட்டுமன்றி, மழை பொய்த்த காலமும் ஓர் உலாவிடத்தைத் தந்தது. விக்ரம சகாப்தம் 1956இல், அதாவது 1899–1900இல், நேர்ந்ததால் 'சப்பனியா' (ஐம்பத்தாறு) என்று பெயர் பெற்ற கொடும் பஞ்சம் இந்நிலத்தாரின் நினைவில் ஆழப் பதிந்தது. பின்னர் வந்த வறட்சியின்போது, மக்களுக்கு வேலை தரும் நிவாரணப் பணியாக மன்னர் உமைத் சிங் 1929இல் தொடங்கிய அரண்மனை, லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1943இல் முடிந்தது. அரச குடும்பத்தின் இல்லமும் விடுதியும் அருங்காட்சியகமுமாய் இன்று மூன்றாய்ப் பிரிந்து நிற்கும் அதனைக் காண வருவோரில், அது பஞ்சகாலத்துக் கூலி வேலையில் எழுந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பொதுமக்களுக்கெனவே அமைந்த பூங்கா 1936இல் வைஸ்ராய் வில்லிங்டனின் பெயரால் திறக்கப்பட்டு, பின்னர் உமைத் பூங்கா ஆயிற்று.

விமானம் ஓட்டுவதில் பெருவிருப்பங்கொண்டிருந்த அதே உமைத் சிங், நாட்டைப் பசுமையாக்கக் கருதி 1930களில் வானிலிருந்து தூவச்செய்த விதைகள் மெக்சிகோ வேல மரத்தினுடையவை. அங்குப் 'பாவ்லியா' எனப்படும் இம்மரத்தைத் தமிழர் சீமைக்கருவேலம் என்ற பெயரில் நன்கறிவர். மேஹ்ரான்கட் கோட்டையைச் சுற்றிய பாறை நிலம் முழுவதும் இது பரவி, உள்நாட்டுச் செடிகளை விரட்டியது. 2006இல் தொடங்கி 2011இல் திறக்கப்பட்ட ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா, ஏறத்தாழ 70 ஹெக்டேரில் இதனை அகற்றித் தார் நிலத்துக்குரிய கள்ளிகளையும் முட்புதர்களையும் மீட்க முற்பட்டது. வெட்டினால் தளிர்க்கும் மரமாதலால் பாறைப் பிளவினுள் இறங்கிய வேரையே எடுக்க வேண்டியிருந்தது. அவ்வேலைக்குக் கைகொடுத்தோர் 'கண்ட்வாலியா' எனப்படும் கல் வெட்டும் தொழிலாளர். சுத்தியலால் தட்டி, எழும் ஓசையிலிருந்தே பாறை எங்கு இளகும் என்று அறிந்து உளி வைக்கும் அவர்கள் திறனை எந்த இயந்திரமும் ஈடுசெய்யவில்லை.

1990களின் பிற்பகுதியில் ராஜீவ் காந்தி ஏற்றுக் கால்வாய் இமயத்து நீரை ஊருக்குக் கொணர்ந்தபின், 'ஜாலரா' எனப்படும் படிக்கிணறுகளைக் குடிநீருக்காக நாடுவோர் இல்லாமற்போயினர். 1740களில் மன்னர் அபய் சிங்கின் அரசியொருவர் கட்டுவித்த தூர்ஜி ஜாலரா குப்பையாலும் கழிவாலும் நிரம்பிக் கிடந்து, 2010களில் இறைத்துத் தூய்மை செய்யப்பட்டபின் மாலைநேர உலாவிடமாயிற்று. படிகளில் குடும்பங்கள் அமர்ந்திருக்க, உள்ளூர்ச் சிறுவர்கள் மேல்விளிம்பிலிருந்து பச்சை நீருக்குள் குதிக்கின்றனர். கிணறுகளிலிருந்து நீர் எடுப்பது நின்று, கால்வாய் நீரும் கசிந்ததில் நிலத்தடி நீர் மேலேறவே, பழைய நகரின் சில நிலவறைகளில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துச் சாக்கடையில் விடுகின்றனர்.