அருகிலிருக்கும் பங்களிப்பாளர் யார்? திறந்த வரைபடத்தில் உள்ளூர்க் கைகளைக் கண்டறியும் முறைகளின் வளர்ச்சி: முகையூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த உலக வரைபடத்தை 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். எவரும் சேர்க்கலாம், திருத்தலாம், கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை. அதில் ஓர் ஊர் எவ்வளவு சரியாகப் பதிவாகிறது என்பது அவ்வூரை அறிந்த பங்களிப்பாளர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதைப் பெரிதும் சார்ந்தது. அப்படி அறிந்துகொள்ளும் வழிகள் எவ்வாறு வளர்ந்தன, விழுப்புரம் மாவட்டம் முகையூர் போன்ற கிராமப்புற வட்டாரத்துக்கு அவை எந்த அளவு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊர் அறிந்தவரும் நில அளவையும்

தமிழ்நாட்டில் நவீன நில அளவைக்கு நீண்ட மரபு உண்டு. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே அடிக்கோட்டு அளவையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த பெரும் முக்கோண அளவை நாட்டுக்கே ஒரு சட்டகம் தந்தது. ஆனால் புல எண், வாய்க்கால், வண்டிப்பாதை போன்ற ஊர் விவரங்கள் வருவாய்த்துறை அளவைகளின் வழியாகத்தான் பதிவாயின. அந்த அளவையாளர் ஓர் ஊருக்குள் நுழைந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்ற குழப்பம் இருந்ததில்லை. கர்ணம், மணியக்காரர், தலையாரி என்று கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். பரம்பரை அதிகாரத்தோடும் அதன் கொடுமைகளோடும் பிணைந்திருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளைத் தமிழக அரசு 1980-இல் ஒழித்தது சரியான முடிவே. அவற்றின் இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலரும் இன்று அதே வகையில் அரசுக்கு விவரம் தருபவராக இருக்கிறார்.

தன்னார்வ வரைபடத்தில் இத்தகைய பதவி எதுவும் கிடையாது. ஊர் அறிந்தவர் யார் என்பதை அங்கே ஒவ்வொரு முறையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கட்டம்: வீட்டிலிருந்து தூரம்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் முதலில் வந்த வழி எளிமையானது. கணக்கு வைத்திருப்பவர் விரும்பினால் தம் வீட்டு இருப்பிடத்தைக் குறிக்கலாம். தளம் அதிலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள், அதே போல் இருப்பிடத்தைக் குறித்துள்ள 30 பேர் வரை பட்டியலிடும். நகரத்துப் பங்களிப்பாளர்கள் கூடிப் பேசவும், ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாக நடக்கவும் இது உதவியது.

இந்த முறை பதிவு செய்தவரைக் காட்டுமே தவிர, உழைப்பவரைக் காட்டாது. பாஸ்கல் நைஸ், அலெக்சாண்டர் சிப் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பதிவு செய்த உறுப்பினர்களில் ஒரு திருத்தமாவது செய்தவர்கள் 38 சதவீதம் மட்டுமே. பயன்தரும் அளவில் தொடர்ந்து பங்களித்தவர்கள் 5 சதவீதம். பங்களிப்பாளர்களில் 72 சதவீதத்தினர் ஐரோப்பாவில் இருந்தனர். ஒருவர் வேலை செய்யும் பரப்பு ஒரு கால்பந்துத் திடல் அளவிலிருந்து 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரை வேறுபட்டது.

இரண்டாம் கட்டம்: வேலையின் தடம்

2009-இல் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்ப மாற்றம் அடுத்த கட்டத்துக்கு வழிவிட்டது. அதுவரை தனித்தனியாகக் கிடந்த திருத்தங்கள், அந்த ஆண்டு முதல் மாற்றத்தொகுப்புகளாகச் சேமிக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுப்பிலும் செய்தவர் பெயர், நேரம், எல்லை, குறிப்பு ஆகியவை பதிவாகும். இவற்றைக் கணக்கிட்டால் ஒருவர் எந்த வட்டாரத்தில், எவ்வளவு அடிக்கடி வேலை செய்கிறார் என்பது தெரிந்துவிடும். பாஸ்கல் நைஸ் உருவாக்கிய ‘என்னைச் சுற்றி யார்’ என்னும் வரைபடக் கருவி இந்த அடிப்படையில் அமைந்தது. 2014-இல் மாற்றத்தொகுப்பின் கீழேயே உரையாடும் வசதி வந்தது. முன்பின் அறியாத இருவர் ஒரு குறிப்பிட்ட பாலத்தைப் பற்றியோ சாலையைப் பற்றியோ நேரடியாகப் பேசிக்கொள்ள அது வழிசெய்தது.

முகையூர் காட்டும் சிக்கல்

முகையூரை மையமாக வைத்து 50 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால் விழுப்புரம், திருக்கோவிலூர், செஞ்சி, திருவண்ணாமலை நான்கும் அதற்குள் வந்துவிடும். அதன் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர கிலோமீட்டர். பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டமே ஏறத்தாழ 7,200 சதுர கிலோமீட்டர்தான். ஆக, ஒரு மாவட்டத்தை விடப் பெரிய பரப்பைத்தான் தளத்தின் வீட்டுத் தூர முறை ‘அருகில்’ என்கிறது.

மாவட்ட எல்லையை அளவாகக் கொள்வதும் சரிவராது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அங்கே போனது. முகையூர் விழுப்புரத்தில் நின்றது. தென்பெண்ணை ஆற்றின் வெள்ளம் இந்த எல்லையை அறியாது.

இதைவிட முக்கியமானது புலம்பெயர்வு. முகையூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார் என்று கொள்வோம். அவர் குறித்த வீடு சென்னையில் இருக்கும். பொங்கலுக்கு வந்து வரைந்த ஏரியும் கோயிலும் சொந்த ஊரில் இருக்கும். தூரக் கணக்கு அவரைத் தவறவிடும். தடக் கணக்கு பிடித்துவிடும்.

ஆனால் தடக் கணக்குக்கும் ஒரு குறை உண்டு. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளை வரிசையாக வரையும் வெளிநாட்டுத் தன்னார்வலரும் அதில் ‘அருகிலிருப்பவர்’ ஆகிவிடுகிறார். கோடையில் எடுத்த படத்தில் வற்றிய ஏரி புன்செய் போலத் தெரியும். அவரும் அப்படியே வரைவார். கலங்கல் எங்கே, மதகு எங்கே, மிகுநீர் எந்த ஓடை வழியாக அடுத்த ஏரிக்குப் போகிறது என்பது உள்ளூர்க்காரருக்கே தெரியும். சாலையோரத்து வெள்ளைக் கூரை ரேஷன் கடையா, நெல் கொள்முதல் நிலையமா என்பதும் அப்படித்தான். எனவே திருத்தங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் வகையே உள்ளூர் அறிவுக்குச் சான்று. தமிழ்ப் பெயர், கடை, மதகு, தெருப் பெயர் ஆகியவற்றைச் சேர்த்தவரே நாம் தேட வேண்டிய ஆள்.

வெள்ளம் எழுப்பிய தேவை

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மீது உருவானது. தெருவை அறிந்தவர்கள் நிறையப் பேர் இணையத்தில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையிலுள்ள அரகண்டநல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் சிக்கியது. இத்தகைய வேளையில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், எந்த மேட்டுப் பாதை தப்பும் என்று சொல்லக்கூடியவரை அப்போது போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவரை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

கண்டறியும் முறை வீட்டுத் தூரத்திலிருந்து வேலையின் தடத்துக்கு வளர்ந்திருக்கிறது. கிராமப்புறத் தமிழ்நாட்டுக்கு அது இன்னும் ஒரு படி முன்னேற வேண்டும். வட்டத்துக்குப் பதிலாக ஊராட்சி ஒன்றியமும் ஆற்றுப்படுகையும் அளவாக வேண்டும். திருத்தத்தின் வகையும் அண்மைக்காலச் செயல்பாடும் கணக்கில் சேர வேண்டும். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருளை ஊரக மாணவர்களிடம் பல ஆண்டுகளாகக் கொண்டுசென்று வருகிறது. அத்தகைய குழுக்களும் மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகளும் முன்வந்தால், ஒன்றியத்துக்கு ஐந்து பங்களிப்பாளரையாவது கண்டறிந்து இணைக்க முடியும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்தப் பணி முகையூர் ஒன்றியத்தில் தொடங்கட்டும்.